ஆறு மைல் வடக்கே

ஒயர் கேறவில்லை. ஜெனிஷா தன் போனுக்கு சார்ஜ் போடும் ஒயரை ஜிபிஎஸ்சின் முதுகில் இருக்கும் ஓட்டையில் வைத்துக் குத்துகிறாள், திருப்பி வைத்துக் குத்துகிறாள், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறாள். "மாமா, இது பழைய மாடல் ஓட்டையாக்கும். இந்த ஒயரு கேறாது" என்கிறாள். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது. வெட்கங்கெட்ட சந்தோஷம். ஒயர் கேறாவிட்டால் இதில் இருப்பது லேப்டாப்புக்குப் போகாது, லேப்டாப்புக்குப் போகாவிட்டால் மேசைமேல் பெட்டியோடு இருக்கும் அந்தப் புது ஜிபிஎஸ்சுக்கும் போகாது, நான் எழுந்து முதுகுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிடலாம். முதுகுவலி என்றுதான் நாளைக்கு வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். ஒரு முதுகில் எத்தனை வலியைத்தான் ஏற்றுவது. நாளையோடு ததேயு போய் ஒரு வருடம். இது அவன் வீடு, இது அவன் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பது அவன் மகள், நர்சிங் மூன்றாம் வருடம். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருப்பது அவன் பெண்டாட்டி எஸ்கலின். அவன் உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதிய கல் ஒன்று நிற்கிறது, அடியில் வெறும் மண். அதனால் அவன் விழுந்த இடத்திலேயே பூப்போட்டு ஜெபம் சொல்ல வேண்டும் என்று எஸ்கலின் கேட்டிருக்கிறாள். விடியற்காலைப் பூசை முடிந்ததும் பதினோரு வள்ளம் புறப்படுகிறது. எஸ்கலினின் தம்பி ஆன்றோவின் வள்ளம் முன்னால் போகும், ஃபாதர் அதில்தான் ஏறுகிறார். அந்த வள்ளத்துக்கு வாங்கியதுதான் இந்தப் புது ஜிபிஎஸ். அந்த இடத்தின் நம்பர் எங்கள் மேலத்துறையில் எல்லா வள்ளத்திலும் இருக்கிறது, அன்றைக்கு வயர்லெஸ்ஸில் நான் சொன்னதைக் கேட்டு எல்லோரும் அவரவர் மெசினில் பதிந்துதான் தேட வந்தார்கள். ஆனால் எஸ்கலினுக்கு அது போதாது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் நடையில் வைத்து என்னைக் கேட்டாள். "கேட்டு எழுதினது வேண்டாம் அண்ணே. நீங்க அவரு விழுந்த ஒடனே அமத்தினீங்கல்லா, உங்களுக்க மெசின்ல, அது வேணும். அதுதான் சரியா இருக்கும்." சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்.

"அடுத்த தெரு சுனில் வீட்டுல பழைய கேமரா ஒண்ணு கெடக்கு, அதுக்க ஒயரு இதுல கேறும்" என்று ஜெனிஷா எழுந்து செருப்பை மாட்டுகிறாள். போய்விட்டாள். நானும் மெசினும் தனியாக இருக்கிறோம். அடுக்களையில் கத்தி கிழங்கில் இறங்கும் சத்தம் கேட்கிறது. ஒரு வருடமாக இதை இரும்புப் பெட்டிக்குள் பழைய சட்டையில் சுற்றி வைத்திருந்தேன். நேற்று எடுத்துத் திறந்தால் பேட்டரி இரண்டும் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டி, துடைத்து, புது பேட்டரி போட்டேன். வராது என்று நினைத்தேன், வராமல் போக வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம், அவளுக்கும் இதெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். பட்டனை அமத்தியதும் ஒன்றும் நடக்காததுபோல உயிர் வந்துவிட்டது. என் நாற்பத்திரண்டு பாயின்டும் அப்படியே இருந்தன. வெண்டைக்காய், முருங்கைக்காய், சுரைக்காய், பீட்ரூட். ஒவ்வொன்றும் கடலுக்கு அடியில் ஒரு பாறைத்திட்டு, நாங்கள் பார் என்று சொல்வோம், அதைச் சுற்றித்தான் கலவாயும் விளமீனும் நிற்கும். ஒரு பாரைக் கண்டுபிடிக்க நாளும் டீசலும் எத்தனை செலவாகும் என்பது தெரிந்தவன் அதை அடுத்தவனுக்குக் காட்ட மாட்டான். பாருக்கு நேர் மேலே வள்ளத்தை நிறுத்தி பட்டனை அமத்தினால் போதும், இடம் பதிந்துவிடும், அடுத்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு வந்து நிற்கலாம். அதைத் திருடுவதும் அவ்வளவு சுலபம். யாராவது மெசினை எடுத்துப் பார்த்தால் புரியக் கூடாது என்றுதான் காய்கறிப் பெயர். ததேயு கேலி செய்வான். "உனக்க மெசினுல கடலும் இல்ல மீனும் இல்ல, வடசேரி சந்தைதான் இருக்கு" என்பான். வயர்லெஸ்ஸிலும் அப்படித்தான். எங்கே நிற்கிறாய் என்று ஒருவன் கேட்டால் உள்ள இடத்தைச் சொல்கிற வழக்கம் எங்கள் துறையில் கிடையாது. ஐஸ்பெட்டி நிறைந்து மூடி மூடாமல் கிடக்கும், இஞ்ச ஒண்ணும் இல்ல ஓய், வெறும் தண்ணி என்போம். நம்பர் கேட்டால் ஒரு எண்ணை மாற்றிச் சொல்வோம். கேட்கிறவனுக்கும் தெரியும், அவனும் அதைத்தான் செய்கிறான், யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. என் வழக்கம் என்னவென்றால் வடக்கு நம்பரில் கடைசி எண்ணை எட்டாக்கிவிடுவேன். எந்த எண் இருந்தாலும் எட்டுத்தான். பதினைந்து வருடமாக அப்படி. ஒரு எண் கூடினால் கடலில் ஒரு மைல் வடக்கே போனதாகக் கணக்கு.

நாற்பத்திமூன்றாவது பாயின்டுக்குப் பெயர் இல்லை. நாம் பெயர் வைக்காவிட்டால் மெசின் தானாக ஒரு நம்பர் போட்டுக்கொள்ளும். 043. கீழே தேதி, நேரம் ஒன்பது பன்னிரண்டு. வடக்கு ஏழு டிகிரி ஐம்பத்திரண்டு. மீதியெல்லாம் எனக்கு ஜெபம்போல மனப்பாடம். கத்திரிக்காய் என்று பெயர் வைத்த பாரின் மேல் நங்கூரம் போட்டு நின்றோம், நான், ததேயு, இன்னும் இரண்டு பேர். அந்தப் பார் எங்களுக்குக் கிடைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு ஏழு மணிக்கே பாதி பெட்டி நிறைந்துவிட்டது. காற்று ஏறிக்கொண்டு வந்தது, போதும் கிளம்பலாம் என்று சொன்னதும் ததேயுதான், நான் இன்னும் அரைமணிக்கூர் என்றேன், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அவன் நங்கூரத்தைத் தூக்க அணியத்துக்குப் போனான். வள்ளத்தின் முன்தலையில் நின்று கயிற்றை இழுக்கும்போது ஒரு திரை பக்கவாட்டில் வந்து அடித்தது. அவன் விழுந்தான். சத்தம்கூடப் போடவில்லை. கடலில் விழுவது எங்களுக்குப் புதிதில்லை, விழுவோம், சிரிப்போம், ஏறுவோம். அவன் தலை மேலே வந்ததைப் பார்த்தேன், இருபது கை தூரம் இருக்கும், கையைத் தூக்கினான். நான் எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன், அவன் கைவிட்ட நங்கூரக்கயிறு தண்ணீருக்குள் வளைந்து கிடந்ததை மறந்துபோனேன், கயிறு எஞ்சினுக்கு அடியில் சுழலும் இலையில் போய்ச் சுற்றிக்கொண்டது. எஞ்சின் நின்றது. அவ்வளவுதான். இருபது கை தூரம். மற்ற இரண்டு பேரும் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் சாய்ந்து கயிற்றை அறுக்கத் தொடங்கினார்கள், நான் ஒரு கையால் ஜிபிஎஸ்ஸில் பட்டனை அமத்தினேன், ஒரு கையால் வயர்லெஸ்ஸை எடுத்தேன். அந்த நேரத்திலும் இரண்டும் ஒழுங்காக நடந்தது. மெசின் நம்பர் மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது, அது எப்போதும் என் வேலை. அவனுக்கு நீந்தத் தெரியும், நன்றாகவே தெரியும், எங்கள் துறையில் அவனைப்போல நீந்துகிறவன் இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

"அண்ணே, கட்டஞ்சாயா குடிக்கியளா?" என்று அடுக்களையிலிருந்து எஸ்கலின் கேட்கிறாள். "வேண்டாம் எஸ்கலின், குடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்கிறேன். அதுவும் பொய். காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. என் வாய்க்கு உண்மையைச் சொல்வது பழக்கமில்லாத வேலையாகிவிட்டது, சாயா குடித்தாயா என்றால்கூட ஒரு எண்ணை மாற்றித்தான் சொல்கிறது. அன்றைக்கு வயர்லெஸ்ஸிலும் வாய்தான் சொன்னது என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆள் விழுந்துட்டான், எல்லா வள்ளமும் வாங்க, ஏழு அம்பத்தெட்டு. நான் நினைத்துச் சொல்லவில்லை, பதினைந்து வருடப் பழக்கம், நாக்கு தன்னால் எட்டுக்குப் போய்விட்டது, நடுங்குகிற நேரத்தில் யாருக்கும் வரும். இதுவரைக்கும் நன்றாகவே இருக்கிறது. இதுவரை சொன்னால் யாரும் என்னை மன்னித்துவிடுவார்கள், நானேகூட மன்னித்துவிடுவேன். ஆனால் சீலன் திருப்பிக் கேட்டான். சீலனின் வள்ளம் எங்களுக்கு வடக்கே ஏழு மைலில் நின்றது. "கிளீட்டஸ், சரியாக் கேக்கல்ல, ஒருக்கா கூட சொல்லு" என்றான். நான் மெசினைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு என்று கறுப்பாக, பெரிதாக எழுதியிருந்தது. பார்த்துக்கொண்டே ஐம்பத்தெட்டு என்றேன். அந்த இரண்டாவது தடவை வாய் சொல்லவில்லை. ததேயு இதோ இருக்கிறான், கயிறு இப்போது அறுந்துவிடும், ஐந்து நிமிடத்தில் நாங்களே தூக்கிவிடுவோம், அதற்குள் பத்து வள்ளக்காரனுக்கும் கத்திரிக்காயைக் காட்டிக் கொடுப்பானேன் என்று நினைத்தேன். நினைத்தேன், ஒவ்வொரு சொல்லாக நினைத்தேன், மூச்சுவிடுகிற நேரத்துக்குள் மனுசன் அவ்வளவு நினைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் சொல்லும் நம்பரை எவனும் நம்பியிருக்க மாட்டான். அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். ஆள் விழுந்தால் எவனாவது பொய் சொல்வானா.

கயிற்றை அறுத்து எஞ்சினை எடுக்க முக்கால் மணிக்கூர் ஆயிற்று. அதில் பாதி நேரம் அவன் தலை தெரிந்தது. முதலில் நூறு கை தூரத்தில், பிறகு திரைக்கும் திரைக்கும் நடுவில், பிறகு அதுதானா என்று சந்தேகமாக. அவன் வள்ளத்தை நோக்கி நீந்த நீந்தத் தண்ணீரின் ஓட்டம் அவனைத் தெற்கே இழுத்தது. நான் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். சீலன் வருவான், இப்போது வருவான். வடக்கே ஒரு கொடியும் தெரியவில்லை, எப்படித் தெரியும். அவன் ஆறு மைலுக்கு அப்பால், நான் சொன்ன இடத்தில், ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்து, வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது, "நான் பாயின்டுல நிக்கியேன், உன்னக் காணல்லியே, நீ எங்க நிக்கிய?" அப்போதும் சொல்லவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன், ஐம்பத்திரண்டு என்று நாலு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் மொத்தக் கடலும் கேட்கும். நான் சொன்னது இது: "ஓட்டம் பலமா தெக்க இழுக்குது, எங்களயும் இழுத்துட்டு வந்துட்டு, தெக்க வாங்க." பொய்யை மூட எவ்வளவு நல்ல பொய். பாதிக்குமேல் உண்மை அதில். அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. மூன்று நாள் தேடினோம். கரைக்கு வந்தபின் எல்லோரும் எனக்காக அழுதார்கள், கூட்டாளியைக் கண்முன்னால் விட்டவன் என்று என் முதுகைத் தடவினார்கள். நான் தடவ விட்டேன். சீலன்தான் இன்னும் மோசம். "அஞ்சு நிமிசத்துல போய்ச் சேந்தேன் கிளீட்டஸ், எனக்க கண்ணுல படல்ல, நான் சரியாப் பாக்கல்லியோ என்னவோ" என்று என் தோளில் தலையை வைத்து அழுதான். இப்போதும் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரி கொளுத்துகிறான். நான் அந்த வழியாகப் போவதில்லை. ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு நம் கோயிலுக்குப் போகாமல் இரண்டு பஸ் ஏறி வேறு ஊர்க்கோயிலுக்குப் போனேன். முகம் தெரியாத சாமியார். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தடவை என்று கேட்டார். இரண்டு தடவை என்றேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் நின்றே சொல்லி முடித்தேன், பஸ் வரவும் சரியாக இருந்தது. ததேயு போனதிலிருந்து கடலுக்குப் போவதில்லை, ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறேன். கூட்டாளி போன துக்கம் என்று ஊர் சொல்கிறது. கடலில் வைத்து வயர்லெஸ்ஸில் என்னிடம் ஒருவன் நம்பர் கேட்பானே என்ற பயம்தான் அது.

நாளைக்குப் பதினோரு வள்ளமும் ஐம்பத்தெட்டுக்குப் போகும். அங்கே பூப்போடுவார்கள். ஃபாதர் தண்ணீர் தெளிப்பார். எஸ்கலின் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்தத் தண்ணீரில் ததேயு ஒரு நொடிகூட இருந்ததில்லை. இந்த மெசினில் இருப்பது ஆன்றோவின் மெசினுக்குப் போய்விட்டால் ஆன்றோவின் வள்ளம் மட்டும் ஐம்பத்தெட்டில் நிற்காமல் தெற்கே போய்க்கொண்டே இருக்கும், பின்னால் வருகிற பத்தும் கூவி நிறுத்தும், எங்கே ஓய் போறே என்று. அப்போது தெரிந்துவிடும். தெரியாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு, அது என் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. 043ஐத் திறக்கிறேன். மாற்று என்ற இடத்தைத் தொடுகிறேன். எண்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, இரண்டின் மேல் கட்டம் மினுங்குகிறது. ஜெனிஷா வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். மேல் பட்டனை ஒருமுறை அமத்துகிறேன், இரண்டு மூன்றாகிறது. ஒரு மைல். நான்கு. இரண்டு மைல். விரல் நிற்கிறது. அவன் தோளில் தையல் போட்ட தழும்பு ஒன்று இருந்தது, எதற்கு அது இப்போது ஞாபகம் வருகிறது. ஐந்து. இதெல்லாம் எஸ்கலினுக்காகத்தான், இத்தனை நாள் கழித்து அவளுக்கு எதற்குப் புது வேதனை, வள்ளங்கள் நேராக வந்திருந்தால் அவன் கிடைத்திருப்பான் என்று தெரிந்து அவள் என்ன செய்யப் போகிறாள். ஆறு. எஸ்கலினுக்காக என்று சொல்ல எனக்கு நாக்கு எப்படி வருகிறது, மனசுக்குள் சொன்னாலும் நாக்கு நாக்குத்தான். ஏழு. "அண்ணே, மீன் இல்லாம கெழங்கு திம்பியளா? இண்ணைக்கு மீன் வாங்கல்ல, சம்மந்திதான் அரைக்கியேன்" என்று அடுக்களையிலிருந்து எஸ்கலின் கேட்கிறாள். "அது போதும்" என்கிறேன். எட்டு. சரி என்பதை அமத்துகிறேன். சேமித்துவிட்டது. ஒரு சின்ன ஒலி எழுப்பிவிட்டு மெசின் சும்மா இருக்கிறது. இதோடு அந்த எட்டு மூன்றாவது தடவை. இனி எந்த ஊர்க் கோயிலுக்குப் போவது.

ஜெனிஷா வந்துவிட்டாள், மூச்சு வாங்க, குட்டையான ஒயரோடு. "கெடச்சிட்டு மாமா." இந்த முறை ஒயர் கேறுகிறது. லேப்டாப் ஏதோ யோசிக்கிறது, பிறகு மெசினைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிறது. எஸ்கலின் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து மகளின் பின்னால் நிற்கிறாள். காய்கறிப் பட்டியல் திரையில் வருகிறது. ஜெனிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, "அப்பா சொன்னது சரிதான், சந்தையேதான்" என்கிறாள், எஸ்கலினும் லேசாகச் சிரிக்கிறாள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "நாப்பத்திமூணுதானே மாமா?" அதுதான் என்கிறேன். குரல் நன்றாகத்தான் வந்தது. "வேற என்னவோ நெறைய இருக்கு, எல்லாத்தையும் எடுத்து வச்சிடுறேன், பேட்டரி ஒழுகியிருக்கு, இந்த மெசின் எப்ப வேணும்னாலும் போயிரும்" என்கிறாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் நீலக்கோடு ஓடத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு சதவீதம். முப்பது. வேற என்னவோ என்றால் என்ன. எழுபது. முடிந்துவிட்டது. அவள் ஏதோ ஒன்றைத் தட்டுகிறாள், கடல் விரிகிறது, வெறும் நீலம், ஓரத்தில் நம் கரை, நடுவில் காய்கறிகள் புள்ளி புள்ளியாக. வடக்கே தனியாக ஒரு புள்ளி, 043. அப்புறம் ஒரு சிவப்புக் கோடு. துறையிலிருந்து புறப்பட்டு, நீலத்துக்குள் சாய்வாக இறங்கி, ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து சுற்றிச் சுற்றி, நூல்கண்டு கலைந்ததுபோலச் சிக்கிக் கிடக்கிறது. எனக்கு அது என்னவென்று தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வள்ளம் போன வழி. மெசின் கையில் இருக்கும்வரை, யாரும் எந்தப் பட்டனையும் அமத்தாமலே, போகிற வழியெல்லாம் அதுவாகவே எழுதிக்கொண்டு வரும். அது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் பாயின்டைத் தவிர எதையும் பார்த்துப் பழகாதவனுக்கு அது நினைவில் எங்கே நிற்கும். அந்தச் சிக்கல் முழுக்க நான். எஞ்சின் வந்த பிறகு அவனைத் தேடி அடித்த வட்டம். ஜெனிஷா விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போகிறாள். "ஒம்பது பன்னெண்டுக்கு வள்ளம் இஞ்ச நிக்குது. பின்ன அந்தப் பாயின்டு எதுக்கு அவ்வளவு தள்ளி, அங்க கெடக்கு? வள்ளம் அங்க போகவே இல்லியே மாமா?"

திரையில் சிவப்புக் கோடு ஒரு இடத்திலும் 043ஐத் தொடவில்லை. யாருக்கும் தெரியும், சின்னப் பிள்ளைக்குக்கூட. எனக்கு மூன்று பொய் தயாராக வந்து நிற்கிறது, ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்கலின் சொல்கிறாள், "மெசின் கேடாயிருக்கும் மக்கா. ஒரு வருசமா சும்மா கெடந்ததுதானே. அண்ணன் அமத்தினது தப்பாது." அவள் என்னைக் காப்பாற்றுகிறாள். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டால் போதும், ஆமாம், கேடுதான் என்று ஒரே சொல். மாதாவே, இந்த வீட்டில் வந்து இவளிடமிருந்தா அது எனக்குக் கிடைக்க வேண்டும். தரையைப் பார்க்கிறேன். தரையில் அவள் கால், கிழங்கு மாவு ஒட்டிய விரல்கள். "மெசின் கேடில்ல" என்கிறேன். "நான் இப்பம் மாத்தினேன். ஜெனிஷா ஒயரு எடுக்கப் போனப்ப. வள்ளம் நின்ன எடம்தான் சரி. அம்பத்திரண்டு." ஜெனிஷா நிமிர்ந்து பார்க்கிறாள். சொல்லத் தொடங்கியது நிற்கவில்லை, சொல்லிக்கொண்டே போகிறேன், கத்திரிக்காய், சீலன் இரண்டாவது தடவை கேட்டது, நான் மெசினைப் பார்த்துக்கொண்டே எட்டு என்றது, ஓட்டம் தெற்கே இழுத்தது என்று மூடியது. மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன், வெட்கமாயிருக்கு என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். எஸ்கலின் அழுவாள் என்று நினைத்தேன், செருப்பை எடுப்பாள் என்று நினைத்தேன், இரண்டில் எதுவானாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு. "சீலன் நின்ன எடத்திலிருந்து சரியான பாயின்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆவும்?" அரைமணிக்கூர் என்றேன். "அவருக்க தலை எவ்வளவு நேரம் தெரிஞ்சுது?" இருபது, இருபத்தைந்து நிமிடம் என்றேன். அதற்குப் பிறகும் அவன் நீந்தியிருப்பான் என்று அவளுக்கும் தெரியும். அவள் அந்தக் கணக்கைத் தனக்குள் போடுவதை நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ததேயுவின் நாற்காலி. எழுந்து நின்றுகொண்டேன்.

"ஜெனி, அதைத் திருத்து. கோடு நிக்கிற எடத்துல வையி. புது மெசின்ல அதைப் போடு" என்று மகளிடம் சொல்கிறாள், குரலில் ஒன்றும் இல்லை. ஜெனிஷா அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, தன் போன் ஒயரால் புது ஜிபிஎஸ்ஸை லேப்டாப்பில் மாட்டுகிறாள். எஸ்கலின் உள்ளறைக்குப் போய் ஆன்றோவின் வயர்லெஸ் செட்டோடு வருகிறாள், கடலில் நிற்கும் வள்ளங்களோடு பேச இந்த வீட்டில் எப்போதும் ஒன்று இருக்கும். என் கையில் வைக்கிறாள். "நாளைக்கு மத்த பத்து வள்ளக்காரனும் பழைய பாயின்டுக்குத்தான் போவான். நீங்க சொல்லித்தான் போனான், நீங்களே சொல்லுங்க. இப்பம் எல்லாரும் கரைக்கு வந்துட்டிருப்பான், செட்டு ஓண்ல இருக்கும்." பிறகு சொல்கிறேன், மாலையில் கோயிலில் வைத்துச் சொல்கிறேன் என்று வருகிறது, விழுங்குகிறேன். "நாளைக்கு நீங்களும் வரணும் அண்ணே. முதுகுவலின்னு சொல்லாதீங்க" என்கிறாள். இவ்வளவுக்குப் பிறகும் அண்ணே என்கிறாள், அது வாய்ப்பழக்கமா வேறெதுவுமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பட்டனை அமத்துகிறேன். எல்லா வள்ளமும் கேளுங்க, கிளீட்டஸ் பேசியேன், நாளைக்குப் போற பாயின்டு, ஏழு அம்பத்திரண்டு. பட்டனை விடுகிறேன். இரைச்சல். முதலில் வந்தது அவன் குரல்தான், வேறு யார் குரலாகவும் இருந்திருக்கக் கூடாதா. "கிளீட்டஸ், சீலன். சரியாக் கேக்கல்ல. அம்பத்தெட்டுதானே? ஒருக்கா கூட சொல்லு." எஸ்கலின் என்னைப் பார்க்கவில்லை, திரையில் அந்தச் சிவப்புச் சிக்கலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மறுபடி அமத்துகிறேன். "அம்பத்தெட்டு இல்ல சீலா. அம்பத்திரண்டு. அண்ணைக்கும் அம்பத்திரண்டுதான். நீ சரியாத்தான் பாத்த. அவன் அங்க இல்ல. நான் தெரிஞ்சே பொய் சொன்னேன்." எல்லாம் சொல்லியாயிற்று. பட்டன் அமங்கி இருக்கும்வரை மறுபக்கத்தில் பேசுவது இங்கே கேட்காது. விரல் வலிக்கிற அளவுக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு விட்டேன்.